பழங்குடி மக்களுக்குத் துணை நிற்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நம் இரண்டு மாவட்டங்களில் பழங்குடியினர் என்றால் யார் யார்?

சித்தேரி மலை, வத்தல்மலை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து அடிவார ஊர்களில் இருப்பவர்கள் மலையாளிகள். இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள், மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் இருளர்கள் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பைப் பரம்பரையாகக் கொண்ட குருமன்ஸ் சமூகம் இரு மாவட்டங்களிலும் உண்டு. அரூர்ப் பக்கத் தண்டாக்களில் (லம்பாடிக் குடியிருப்புகளில்) வாழும் லம்பாடிகள் ஆந்திரத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இல்லை. அதனால் அவர்களுக்கான வழிமுறைகள் வேறு.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியில் பழங்குடியினர் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கிருஷ்ணகிரியில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஓட்டுக் கணக்கில் சிறிய எண்ணிக்கை. மனு மேசையிலேயே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழங்குடியல்லாத ஒருவர் கூட நிற்பதற்கு இங்கே ஒரு மதிப்பு இருக்கிறதென்றால் அது இதனால்தான்.

என்ன சொல்லி அழைப்பது? ஆதிவாசி, மலைவாசி, எஸ்.டி...?

அந்த ஊரில் அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள். எழுத்தில் ‘பழங்குடி மக்கள்’ என்றோ சமூகத்தின் பெயரைச் சொல்லியோ எழுதலாம். ‘எஸ்.டி.’ படிவத்தில் இருக்கட்டும், ஆளைக் கூப்பிட வேண்டாம். ‘காட்டுவாசி’ வேண்டவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் வினைச்சொல். சமவெளியில் பத்து வயதுப் பையன் அறுபது வயது இருளர் பெரியவரை ‘வா, போ, எடு’ என்று ஏவுவதை இன்றும் பார்க்கலாம். கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் அதையே செய்கிறார்கள். ‘வாங்க, உக்காருங்க, சொல்லுங்கம்மா’ என்று நீங்கள் பேசினாலே பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அவர்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பையிலிருந்து பாட்டிலை எடுக்காதீர்கள்.

உதவி செய்வதற்கும் துணை நிற்பதற்கும் என்ன வித்தியாசம்?

உதவியில் எது தேவை என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்கிறார். துணை நிற்கும்போது முடிவு ஊரார் கையில் இருக்கிறது. நீங்கள் எழுதுகிறீர்கள், அளக்கிறீர்கள், நகல் எடுக்கிறீர்கள், கூட நடக்கிறீர்கள், சாட்சியாக இருக்கிறீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மனுவை நீட்ட வேண்டியது மனுதாரர். அதிகாரி பழக்கத்தில் பேண்ட் போட்ட உங்களைப் பார்த்துத்தான் ‘என்ன விஷயம்?’ என்பார். அந்த நொடியில் வாயைத் திறக்காதீர்கள். ‘அம்மா சொல்லுவாங்க சார்’ என்று மட்டும் சொல்லி அரை அடி பின்னால் நில்லுங்கள். அந்த அம்மா தடுமாறினாலும் இரண்டு நிமிடம் பொறுங்கள். மனுவில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கக் கூடாது. இருந்தால் பதில் உங்களுக்கு வரும். நீங்கள் ஊர் மாறிப்போனால் மனுவும் உங்களோடு போய்விடும்.

வாச்சாத்தி பற்றித் தெரிந்திருப்பது அவசியமா?

அவசியம். 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே உள்ள வாச்சாத்தியில் சந்தனக் கட்டைச் சோதனை என்ற பெயரில் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினர் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையிலெடுத்தன; விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது.

முப்பத்தொரு ஆண்டு. சாட்சி சொன்ன பெண்கள் அத்தனை காலமும் கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி, அடையாள அணிவகுப்பிலும் கூண்டிலும் நின்றார்கள். மலை ஊரில் காக்கிச் சட்டையைக் கண்டதும் ஒரு பாட்டி ஏன் கதவைச் சாத்துகிறார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்கள் போகும்போதும் ஜீப்பில் போய் இறங்காதீர்கள். அடிவாரத்தில் இருந்து ஊர்க்காரர் ஒருவரோடு நடந்து போங்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றி நீங்களாகக் கேட்கவும் வேண்டாம்.

வன உரிமை மனுவில் வெளியாள் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். நேரத்தைக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பாடுபட்டு வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை, அதாவது 9 ஏக்கர் 88 சென்ட் வரை உரிமை உண்டு. தனி நபருக்கு ‘ஏ’ படிவம், மேய்ச்சல், நீர், தேன், புளி போன்ற சமுதாய உரிமைக்கு ‘பி’ படிவம், ஊரே காத்து நிர்வகிக்கும் காட்டுக்கு ‘சி’ படிவம். கட்டணம் கிடையாது. காசு கேட்பவர் இடைத்தரகர்.

முதலில் வன உரிமைக் குழு. 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். குழுவைத் தேர்ந்தெடுப்பது கிராம சபை. ஊராட்சித் தலைமையிடத்தில் யாரோ பத்துப் பேரை எழுதி வைத்துவிட்டு ‘குழு இருக்கிறது’ என்பார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

கிராம சபையில் பாதி உறுப்பினர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கோரிக்கைகள் மீது தீர்மானம் போடும்போது மனுதாரர்களிலும் பாதிப் பேராவது வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தை பிறந்தால் பாதி ஊர் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போய்விடும்; பிப்ரவரியில் கூட்டம் வைத்தால் எண்ணிக்கை தேறாது. மழை பிடித்து ஆட்கள் ஊர் திரும்பியிருக்கும் மாதத்தில், சாயங்காலத்தில் வையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எண், தேதி, கையெழுத்து, ரேகை எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். பிறகு வீடு வீடாகப் போய் வாங்கினால் அதுவே தள்ளுபடிக்குக் காரணம் ஆகும்.

ஆதாரம் ஒன்றுக்கு மேல் வேண்டும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, வனத்துறை முன்பு போட்ட அபராத ரசீது எதுவாகவும் இருக்கலாம். தண்டனையாக வந்த அந்த அபராத ரசீதே நல்ல ஆதாரம் ஆகிவிடுகிறது, தூக்கி எறிய விடாதீர்கள். காகிதம் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மனுதாரர் அல்லாத மூத்தவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவது. இன்னொன்று நிலத்திலேயே உள்ள தடயம்: கல் வரப்பு, கிணறு, பழைய வீட்டுத் தரை, சமாதிக் கல். செயற்கைக்கோள் படம் துணை ஆதாரம் மட்டுமே. படத்தில் தெரியவில்லை என்பதை மட்டும் காட்டி மனுவைத் தள்ள முடியாது.

நிலத்தை எப்படி அளப்பது?

மூத்தவர் ஒருவரை முன்னால் நடக்க விடுங்கள். ‘இந்தப் புளிய மரத்துல இருந்து அந்தக் கல் கட்டு வரைக்கும் எங்கப்பா ஓட்டுனது’ என்று அவர் சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். புளிய மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் நாடா வைத்து அளந்து குறியுங்கள். மரத்தின் பருமன் வயதைப் பேசும்.

போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸை முழுதாக நம்ப வேண்டாம். மரநிழலில் 5 மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். பெரிய தோட்டத்துக்கு அது பெரிதில்லை. 40 சென்ட் நிலம் என்பது ஏறக்குறைய 40-க்கு 40 மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் 5 மீட்டர் குறைந்தால் 30 சென்ட் தான் வரும். 10 சென்ட் கரைந்துபோகும். அதனால் 30 மீட்டர் நாடா கட்டாயம். ஒவ்வொரு மூலையிலும் மூன்று நிமிடம் அசையாமல் நின்ற பிறகு குறிப்பெடுங்கள். எல்லா மூலைகளையும் ஒரே நாளில், ஒரே போனில் எடுங்கள். நான்கு பக்கமும் யார் நிலம் என்று எழுதி, பக்கத்து நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

களச் சரிபார்ப்புக்கு வரும் வன, வருவாய் அலுவலர்கள் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முன்கூட்டியே தகவல் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். வராமல் இருந்துவிட்டு அப்புறம் ஆட்சேபம் சொன்னால், மனு மறு சரிபார்ப்புக்குத்தான் திரும்ப வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் கிராம சபை முடிவே நிற்கும்.

வன உரிமைப் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் வர வேண்டும். படிவத்தில் மனைவியின் பெயர் எழுத வேண்டிய இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். இந்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ‘பத்து வருசத்துக்கு எழுதிக் கொடு’ என்று யாராவது பத்திரம் நீட்டினால் தடுத்து நிறுத்துங்கள்.

தள்ளுபடி ஆகிவிட்டால்?

காரணத்தை எழுத்தில், மனுதாரர் கையில் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது தள்ளுபடி ஆகாது. கிராம சபை முடிவு மீது கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழுவுக்கு 60 நாளில் மேல்முறையீடு; அதன் முடிவு மீது ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு இன்னொரு 60 நாள். சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை ஒரு தாளில் தமிழில் எழுதி ஊரில் நாலு வீட்டில் கொடுத்து வையுங்கள். வெளியேறச் சொல்லி வரும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மலை ஊருக்கு ரோடு கேட்டால் ‘காட்டு நிலம், முடியாது’ என்கிறார்களே?

இதே சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர் போன்ற 13 வகை வசதிகளுக்கு வழி விட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை வேண்டும். 5 மீட்டர் அகலத்தில் போட்டால் 1 ஹெக்டேர் என்பது 2 கிலோமீட்டர் சாலை. தூரம் அதற்குள் அடங்குகிறதா என்று அளந்துவிட்டு மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். ‘சாலை அமைத்துத் தர வேண்டுகிறோம்’ என்ற பொதுவான வரிக்குப் பொதுவான பதில்தான் வரும்.

சாதிச் சான்றிதழ் ஏன் இவ்வளவு சிக்கல்?

மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடியும். பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் எனப் படியேறிய பிறகு நேரடி விசாரணை.

அடிப்படைத் தவறு ஒன்றாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. மலையாளி குடும்பங்களில் பெயருக்குப் பின் ‘கவுண்டர்’ வரும். சேர்க்கை நாளில் ஆசிரியர் அதைப் பார்த்து வேறொரு சாதியை எழுதிவிட்டால், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கல்லூரிச் சேர்க்கையில் பையன் மாட்டிக்கொள்கிறான். குருமன்ஸ் பிள்ளைகளுக்கும் ‘குறும்பர்’, ‘குறும்பக் கவுண்டர்’ என்று எழுத்து மாறி இதே கதி. நீங்கள் ஆசிரியராக இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தைப் பெற்றோரிடம் கேட்டு, பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். வேறெந்த நன்கொடையும் இதற்கு ஈடாகாது.

விண்ணப்பத்தோடு தந்தை வழி இரத்த உறவு ஒருவரின் சான்று, வம்சாவளி, பள்ளிச் சான்று வைக்கவும். விசாரணையில் கல்யாணச் சடங்கு, குலதெய்வம், சாவுச் சடங்கு பற்றிக் கேட்பார்கள். கூச்சத்தில் பிள்ளைகள் ‘தெரியாது’ என்று சொல்லிவிடுவார்கள். பாட்டியைக் கூட்டிப் போங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், வெளியாள் சொன்னால் சந்தேகம்தான் கூடும். விண்ணப்பிக்கும் காலம் ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு ஓடினால் சேர்க்கை முடிந்துவிடும்.

சூளையில் ஒரு இருளர் குடும்பத்தை வெளியே விடவில்லை என்று தெரியவந்தால்?

சூளை முதலாளி கொடுத்த முன்பணத்தை நீங்கள் கட்டி மீட்டு வராதீர்கள். நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியம் குடும்பத்துக்கே கெடுதல். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாதது. நீங்கள் கட்டினால் இல்லாத கடனை ஒப்புக்கொண்டதாகும், விடுதலைச் சான்றும் கிடைக்காது. அந்தச் சான்றுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்: உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, பிறகு வழக்கின் முடிவையொட்டி மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடுமை கடுமையானால் 3 லட்சம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சூளை இருக்கும் இடம், எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வந்தார்கள், சந்தைக்குப் போக விடுகிறார்களா என்று எழுதி, ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுங்கள். விசாரணையில் முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், ஒவ்வொருவரிடமும் தனியாக வாக்குமூலம் வாங்கச் சொல்லுங்கள். சான்றில் மனைவி பெயரும் வேலை செய்த பிள்ளைகள் பெயரும் தனித்தனியே வர வேண்டும். குடும்பத் தலைவருக்கு மட்டும் ஒன்று கொடுத்து அனுப்புவது வாடிக்கை.

காவல் நிலையத்துக்குக் கூட வரச் சொல்கிறார்கள். போகலாமா?

போங்கள், இருவராகப் போங்கள். சாதி சொல்லித் திட்டியது, அடித்தது, நிலத்தைப் பிடுங்கியது எல்லாம் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். புகாரில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய வார்த்தையைத் திட்டியபடியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று நாகரிகமாக எழுதினால் வழக்கு நிற்காது. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி. முதல் தகவல் அறிக்கை நகல் இலவசம். பதிய மறுத்தால் 14566 என்ற உதவி எண் உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பழங்குடியினருக்கு இலவச வழக்கறிஞர் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

செம்மரம் வெட்ட ஆள் கூட்டிப்போகிறார்களாமே?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் தருமபுரி மலைக்காரர்களும் இருந்தார்கள். ‘பெயின்ட் வேலை, கட்டட வேலை’ என்றுதான் ஏஜென்ட் கூப்பிடுவார். நாள் கூலி வழக்கத்தைவிடப் பல மடங்கு, முன்பணம் கையோடு, வேலை எந்த ஊர் என்று சொல்ல மாட்டார். இந்த மூன்றும் சேர்ந்தால் எச்சரிக்கை செய்யுங்கள். பையன்களுக்குப் புத்தி சொல்வதைவிட, நூறு நாள் வேலை அட்டையில் சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்டுத் தருவது அதிகம் தடுக்கும்.

சாமை, தேன், புளி நேரடியாக வாங்கினால் நல்லதா?

நல்லது, முறையாக வாங்கினால். வியாபாரி ஆடியில் முன்பணம் கொடுத்து, அறுவடையில் தன் தராசில் தன் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். நீங்கள் டிஜிட்டல் தராசு கொண்டுபோய், ஒரு கிலோ படிக்கல் வைத்து அவர்கள் கண்முன் சரிபார்த்துவிட்டு நிறுங்கள். பணத்தை அன்றே கொடுங்கள்.

சாமை விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 100 கிலோ சாமை உடைத்தால் அரிசியாக ஏறக்குறைய 60, 65 கிலோதான் தேறும், உமி நீக்கும் வேலையைப் பெண்களே செய்கிறார்கள். அரிசியாகக் கேட்டால் அந்தக் கூலியும் விலையில் சேர வேண்டும். கொட்டை எடுத்த புளிக்கும் இதே கணக்கு. தேனடையை முழுதாக அறுத்துத் தரச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்; கூட்டில் பாதியை விட்டுவைப்பது அவர்கள் வழக்கம், அடுத்த வருடத் தேனுக்கு அதுதான் முதல்.

பழைய துணி, பிஸ்கட் கொண்டு போகலாமா?

வேண்டாம். கிழிந்த துணியைக் குவித்துவிட்டுப் போட்டோ எடுப்பது அவமானம். செலவழிக்க மனம் இருந்தால், அரூர் போய்வர பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, நகல் செலவு, பாஸ்போர்ட் போட்டோ ஆகியவற்றை ஊர்ப் பொறுப்பாளரிடம் கேட்டுக் கொடுங்கள். மனுக்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த நூறு இருநூறு ரூபாய் இல்லாமல்தான்.

போட்டோ, வீடியோ?

கேட்டு எடுங்கள், எங்கே போடுவீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அத்தோடு விடுங்கள். குளிக்கும் ஓடை, சாமி இடம், சாவு வீடு கூடவே கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். மூலிகை, தேன் இருக்கும் இடத்தை வரைபடத்தோடு பதிவேற்றாதீர்கள். அடுத்த வாரம் லாரி போகும்.

மலையில் பாம்பு கடித்தால், பிரசவ வலி வந்தால்?

108 எங்கேவரை ஏறும் என்பதை முன்பே கேட்டு, அந்த இடத்தின் பெயரை ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்படி முடிவு செய்யுங்கள். மீதித் தூரம் தூளி கட்டித்தான். நல்ல மூங்கில், கனமான போர்வை, மாற்றித் தூக்க ஆறு பேர். பாம்புக் கடியில் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே கொண்டுபோங்கள்.

பேறுகாலம் நெருங்கும் பெண்கள் இரண்டு வாரம் முன்பே கீழே இறங்கித் தங்க இடம் தேடுவார்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் உங்களுக்கு ஓர் அறை இருந்தால், துணைக்கு வரும் மாமியாருக்கும் சேர்த்து, அடுப்போடு கொடுங்கள். அவர்களுக்குக் களி கிண்ட வேண்டும்.